தோற்றவர்களின் அலமாரி

உலகக் கோப்பை நடக்கும் வருஷங்களில் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டியிலும் கால்பந்துக் காய்ச்சல் அடிக்கும். மற்ற நாட்களில் எங்கள் பக்கம் கபடி, வாலிபால், கிரிக்கெட் என்றுதான் பொழுது போகும். வயல் அறுப்பு முடிந்து, கண்மாய்கள் வற்றித் தரை இறுகும் கோடையில்தான் பெரிய பந்து வெளியே வரும். கண்மாய்த் தரையில் கால்பந்து ஆடுகிறவர்களுக்கு எதிரணியைவிடப் பெரிய எதிரி கருவேல முள். புதருக்குள் போன பந்து பாதி நேரம் காற்றுப் போய்த்தான் திரும்பும். தையலைப் பிரித்து, பிளாடருக்குப் பஞ்சர் ஒட்டி, மறுபடி தைத்து வாங்கும்வரை ஆட்டம் நின்றுவிடும். 2022 டிசம்பர் 18 இரவு அர்ஜென்டினாவும் பிரான்ஸும் 3-3 என்று நின்று பெனால்டிக்குப் போனபோது, விடிந்தால் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர்கள்கூடப் படுக்கப் போகவில்லை. இதே ஊரின் பெயரைத்தான் 2025-இல் ஒரு ரீல்ஸ் வீடியோ தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. பக்கத்துப் பிளவக்கல் அணையைத் தேடி வண்டி வண்டியாக ஆட்கள் வந்து போனார்கள்.

ஆட்டத்தைப் பார்க்க வழி நிறைய இருக்கிறது. நள்ளிரவில் நடக்கும் ஐரோப்பிய லீக் ஆட்டத்தின் கோல்கள் காலையில் பல் துலக்குவதற்குள் போனில் வந்துவிடும். கால்பந்தைப் பற்றிப் படிக்க என்ன இருக்கிறது என்று பத்தாம் வகுப்புப் பையனோ கல்லூரிக்குப் போகிற பெண்ணோ கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது? பெரும்பாலும் ஆங்கிலப் புத்தகங்கள்தான். பள்ளிக்கூட ஆங்கிலம் போதும் என்கிற அளவுக்குச் சில எளிமையானவை. சில முழிபிதுங்க வைப்பவை. வத்திராயிருப்பு, டி.கல்லுப்பட்டி வழியாக மதுரைக்குப் பஸ் ஏறினால் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. ஆனாலும் அலமாரி முன்னால் போய் நிற்கும்போது எதைத் தொடுவது என்று தெரிந்திருக்க வேண்டுமே.

எதைத் தொட வேண்டாம் என்பதிலிருந்து ஆரம்பிக்கலாம். முதலில் கண்ணில் படுவது நட்சத்திரங்களின் சுயசரிதைகள். அட்டையில் சிரித்த முகம், உள்ளே வேறொருவர் எழுதிக்கொடுத்த வாழ்க்கை. ஒரு சீசன், ஒரு கோப்பை, ஒரு காயம், மறுபடி ஒரு கோப்பை என்று நானூறு பக்கம் போகும். விதிவிலக்குகள் உண்டு. 2000-இல் வந்த மரடோனாவின் கதையில் அவர் யார் யாரை மன்னிக்கவில்லை என்கிற பட்டியல் சுவாரஸ்யமானது. ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச்சின் கதையை டேவிட் லாகர்கிரான்ட்ஸ் எழுதினார், 2011-இல் வெளிவந்தது. சுவீடனின் மால்மோ நகரில், வந்தேறிகள் குடியிருந்த ரோசென்கார்ட் பகுதியில், சைக்கிள் திருடிக்கொண்டு திரிந்த பையனின் முதல் அத்தியாயங்கள் துடிப்பானவை. பெரிய கிளப், பெரிய சம்பளம் என்று ஆனதும் புத்தகம் படுத்துவிடுகிறது.

இது அவர் புத்தகத்துக்கு மட்டும் நேர்ந்த விபத்து என்று எனக்குத் தோன்றவில்லை. கால்பந்து நூல்களைப் பத்துப் பதினைந்து படித்தவர்களுக்கு ஒன்று புலப்படும்: ஜெயித்தவர்களிடம் சொல்வதற்கு அதிகம் இல்லை. கோப்பையைத் தூக்கியாயிற்று, படம் எடுத்தாயிற்று, முடிந்தது. தோற்றவனுக்கோ அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி ஐம்பது வருடம் பேச விஷயம் இருக்கிறது. இந்த விளையாட்டைப் பற்றி எழுதப்பட்ட நல்ல புத்தகங்களில் பெரும்பாலானவை தோல்வியிலிருந்தோ, காத்திருப்பிலிருந்தோ, ஏமாற்றத்திலிருந்தோ வந்தவை. என் அலமாரியை அந்த ஒரே அளவுகோலை வைத்துத்தான் அடுக்கியிருக்கிறேன்.

கூமாப்பட்டிக்காரர்களுக்கு மிக நெருக்கமான புத்தகம் ஜோ மெக்கின்னிஸ் எழுதிய 'தி மிராக்கிள் ஆஃப் காஸ்டெல் டி சாங்ரோ' (1999). காஸ்டெல் டி சாங்ரோ இத்தாலியின் அப்ரூட்சோ மலைப்பகுதியில் இருக்கும் சின்ன ஊர். ஜனத்தொகை ஐயாயிரம் சொச்சம். அந்த ஊர் அணி அடிமட்ட லீகிலிருந்து படிப்படியாக ஏறி, 1996-இல் இத்தாலியின் இரண்டாம் நிலை லீகான 'சீரி பி'க்கு வந்துவிட்டது. ஏறிய விதமே சினிமாதான். கடைசி ஆட்டம் பெனால்டிக்குப் போகும் தறுவாயில், பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று கோல்கீப்பரைப் பயிற்சியாளர் உள்ளே அனுப்பினார். அவர் தடுத்த பந்துதான் ஊரை மேலே ஏற்றியது. அமெரிக்கப் பத்திரிகையாளரான மெக்கின்னிஸ், நடுத்தர வயதில் கால்பந்துப் பைத்தியம் பிடித்து, 1996-97 சீசன் முழுக்க அங்கே போய்த் தங்கினார். ஆரம்பத்தில் பாஷை தெரியாது. வீரர்களோடு சாப்பிட்டார், பஸ்ஸில் போனார், பயிற்சியாளருக்கே யோசனை சொன்னார். அந்த அதிகப்பிரசங்கித்தனம் நமக்கு எரிச்சலூட்டும், சிரிப்பும் வரும்.

பாதி சீசனில் இரண்டு வீரர்கள் கார் விபத்தில் இறந்துபோகிறார்கள். ஊரே இழவு வீடாகிறது. அப்புறமும் ஆட வேண்டும், ஆடுகிறார்கள். லீகிலிருந்து இறங்காமல் தப்பித்தும் விடுகிறார்கள். இதோடு முடிந்திருந்தால் அது சாதாரண 'சின்ன ஊர் சாதித்தது' கதை. கடைசி ஆட்டம் பாரி என்கிற அணியோடு. பாரி ஜெயித்தால் அவர்கள் முதல் நிலை லீகுக்குப் போவார்கள். காஸ்டெல்லுக்கோ இனி ஆக வேண்டியது ஒன்றும் இல்லை. தன் பிள்ளைகளைப் போல நேசித்த வீரர்கள் அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுக்கப் பேசி வைத்திருப்பதாக மெக்கின்னிஸ் முந்தின இரவு தெரிந்துகொள்கிறார். கடைசி முப்பது பக்கத்தில் ஆசிரியரின் கோபம் எழுத்தை உடைத்துக்கொண்டு வருகிறது. வீரர்கள் அவரிடம் சொல்லும் பதில் சுருக்கமாக இதுதான்: நீ வெளியாள், உனக்குப் புரியாது. யார் சரி என்று புத்தகம் தீர்ப்புச் சொல்லாது. வெளியிலிருந்து வந்து நம் ஊரைக் கொண்டாடுகிறவருக்கும் அங்கேயே வாழ்கிறவருக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை இவ்வளவு வலியோடு காட்டிய விளையாட்டுப் புத்தகம் வேறொன்றை நான் படித்ததில்லை. ரீல்ஸ் பார்த்துவிட்டு வந்து போனவர்களின் கூட்டத்தைப் பார்த்த ஊருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ரசிகனின் கதைக்கு இன்றும் நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' (1992)தான் முன்மாதிரி. பெற்றோர் பிரிந்துவிட்ட வீடு. ஞாயிறோ சனியோ மகனோடு என்ன பேசுவது என்று தெரியாத அப்பா, 1968-இல் பையனை ஆர்சனல் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகிறார். அன்றைக்குப் பிடித்தது, விடவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் தலைப்பு ஒரு ஆட்டம், ஒரு தேதி. ஆர்சனல் 1971-இல் லீக் வென்றது. அடுத்ததற்குப் பதினெட்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1989 மே 26-இல் லிவர்பூலின் சொந்த மைதானத்தில் இரண்டு கோல் வித்தியாசத்தில் ஜெயித்தாக வேண்டும். கடைசி நிமிடத்தில் மைக்கேல் தாமஸ் அந்த இரண்டாவது கோலை அடிக்கிறார். ஹார்ன்பி அந்த இரவைச் சந்தோஷமாக எழுதியிருக்கிறார். இருந்தாலும் அதற்கு முந்தைய பதினெட்டு வருடப் பக்கங்கள்தான் புத்தகத்தின் உயிர். ஒரு குளிர்ந்த சனிக்கிழமை ஒன்றுக்குமில்லாத ஆட்டம் ஒன்றைப் பார்க்க நின்றுகொண்டிருப்பவன் அங்கே எதைத் தேடுகிறான் என்பதை அவர் தன்னையே கிண்டலடித்துக்கொண்டு ஆராய்கிறார். ஆங்கிலமும் சரளமானது.

ஆடுகிறவனின் பக்கத்திலிருந்து இரண்டு பழைய புத்தகங்கள். ஹன்டர் டேவிஸ் 1971-72 சீசனில் டாட்டன்ஹாம் அணியின் உடைமாற்றும் அறைக்குள்ளேயே இருந்து எழுதியது 'தி குளோரி கேம்' (1972). அந்த வருடம் அணி யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றது; என் அளவுகோலுக்கு இது ஒத்துவராது. ஆனால் புத்தகத்தில் நினைவில் நிற்பது கோப்பை இல்லை. அடுத்த வாரம் பட்டியலில் தன் பெயர் இருக்குமா என்று ஒவ்வொருவனும் படும் பயம்தான் நிற்கிறது. அதே பயத்தை உள்ளிருந்தே எழுதியவர் அயர்லாந்துக்காரர் ஈமன் டன்ஃபி. மில்வால் அணியில் 1973-74 சீசனுக்கு அவர் எழுதிய டைரிதான் 'ஒன்லி எ கேம்?' (1976). இந்த வருடம் மேலே ஏறிவிடுவோம் என்று ஆரம்பிக்கிறார். சில மாதத்தில் அணியில் இடம் போகிறது. மாற்று வீரனாக உட்கார்ந்திருக்கும்போது சொந்த அணி தோற்றால் மனசுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறார். அதைச் சொல்ல எந்த நட்சத்திரத்துக்குத் துணிவு வரும்? பாதி சீசனிலேயே டைரி நின்றுவிடுகிறது.

ரொனால்ட் ரெங் எழுதிய 'எ லைஃப் டூ ஷார்ட்' படிக்கக் கடினமானது. ஆங்கிலத்தின் கடினம் இல்லை, விஷயத்தின் கடினம். ஜெர்மனியின் கோல்கீப்பர் ராபர்ட் என்கே 2009 நவம்பரில் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் அவர்தான் முதல் கோல்கீப்பராக நிற்கலாம் என்று பேசிக்கொண்டிருந்த நேரம். மனச்சோர்வு நோயை அவர் வெளியே காட்டவே இல்லை. ரெங் அவருடைய நண்பர். இருவரும் சேர்ந்து ஒரு நாள் புத்தகம் எழுதுவதாக இருந்தது. தனியாக எழுத வேண்டி வந்தது. கோல்கீப்பரின் தவறுக்கு மட்டும் மறைவிடம் கிடையாது என்பதை இந்தப் புத்தகம் ஒரு மனிதனின் கதையாகச் சொல்கிறது. பதினாறு வயதுப் பையனுக்கு முதல் புத்தகமாக இதைக் கொடுக்க மாட்டேன். அவன் அப்பாவுக்குக் கொடுப்பேன்.

டேவிட் பீஸின் 'தி டேம்ட் யுனைடெட்' (2006) நாவல். பிரையன் கிளஃப் என்கிற மேனேஜர் 1974-இல் லீட்ஸ் அணியில் நாற்பத்து நான்கே நாள் தாக்குப்பிடித்த கதை. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி மண்டைக்குள் ஏற்றும் நடை. கிளஃப் குடும்பத்தார் இதை ஏற்கவில்லை. அந்த அணியில் ஆடிய ஜானி கைல்ஸ் வழக்கே போட்டார். நிஜ மனிதர்களை வைத்து நாவல் எழுதுவதில் எது வரம்பு என்று யோசிக்கிறவர்கள் படிக்கலாம். பீட்டர் ஹாண்ட்கேயின் கோல்கீப்பர் நாவலைத் தலைப்பைப் பார்த்து வாங்கிவிட வேண்டாம். நல்ல இலக்கியம், நோபல் பரிசுக்காரர் எழுதியது, ஆனால் கால்பந்து ஊறுகாய் அளவுக்குத்தான் இருக்கும்.

இனி ஊர் ஊராகச் சுற்றும் புத்தகங்கள். சைமன் கூப்பரின் 'ஃபுட்பால் அகெய்ன்ஸ்ட் தி எனிமி' (1994) கால்பந்தையும் அரசியலையும் சேர்த்துப் பார்க்க ஒரு தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தது. போலந்துப் பத்திரிகையாளர் ரிஷார்ட் கபுசின்ஸ்கியின் 'தி சாக்கர் வார்' தொகுப்பில் தலைப்புக் கட்டுரையை மட்டுமாவது படிக்க வேண்டும். 1969-இல் எல் சால்வடோருக்கும் ஹோண்டுராஸுக்கும் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை ஒட்டி மூண்ட நாலு நாள் போர். அடியில் இருந்தது நிலப் பிரச்சினை: சொந்த நாட்டில் நிலமில்லாத சால்வடோர் விவசாயிகள் எல்லை தாண்டிப் போய்ப் பயிர் வைத்திருந்தார்கள். டேவிட் வின்னரின் 'பிரில்லியன்ட் ஆரஞ்சு' (2000) விசித்திரமான புத்தகம். கடலிடமிருந்து நிலத்தைப் பிடுங்கி, வாய்க்கால் வெட்டி, அங்குலம் அங்குலமாக அளந்து வாழ்கிற டச்சுக்காரர்கள் மைதானத்திலும் இடத்தைத்தான் அளக்கிறார்கள் என்று வாதிடுகிறார். எல்லாப் பக்கத்திலும் நம்ப முடியாது. ஆனால் 1974 இறுதியாட்டத்தில், உலகமே வியந்த அணி மேற்கு ஜெர்மனியிடம் 2-1 என்று தோற்றது அந்த நாட்டின் மனசில் என்ன செய்தது என்பதை விவரிக்கும் பகுதி அபாரம். அந்த வருடம் கோப்பையை வென்ற ஜெர்மானியர்களைப் பற்றி இவ்வளவு அழகான புத்தகம் எழுதப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஆட்டத்தின் அமைப்பு புரிய வேண்டும் என்பவர்களுக்கு ஜோனதன் வில்சனின் 'இன்வர்ட்டிங் தி பிரமிட்' (2008). முன்னால் ஐந்து பேர் நின்ற காலத்திலிருந்து ஒருவரோடோ யாருமே இல்லாமலோ ஆடும் காலம்வரை பந்துக்குப் பின்னால் மூளை எப்படி வேலை செய்தது என்கிற வரலாறு. 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்பிளியில் இங்கிலாந்தை 6-3 என்று அடித்தது ஏன் என்று படித்த பிறகு, டிவியில் பந்து இல்லாத இடத்தைப் பார்க்கப் பழகுவீர்கள். நடுநடுவே தூக்கம் வரும். தாண்டிப் போகலாம், பாவமில்லை. டேவிட் கோல்ட்பிளாட்டின் 'தி பால் இஸ் ரவுண்ட்' (2006) தலையணை கனம். எடுத்த எடுப்பில் படிக்கிற புத்தகம் இல்லை, புரட்டிப் பார்க்கிற புத்தகம். ஆர்சனல் ஆயுதத் தொழிற்சாலைத் தொழிலாளிகளின் அணியாகவும், மான்செஸ்டர் யுனைடெட் ரயில்வே தொழிலாளிகளின் அணியாகவும், வெஸ்ட் ஹாம் கப்பல் கட்டும் கம்பெனியின் அணியாகவும் பிறந்தவை என்பது ராஜபாளையம் மில்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சுவையாக இருக்கும்.

உருகுவே எழுத்தாளர் எதுவார்தோ கலியானோவின் 'சாக்கர் இன் சன் அண்ட் ஷேடோ' (1995) இந்த அலமாரியில் எல்லோருக்கும் பொதுவானது. ஒவ்வொரு துண்டும் அரைப் பக்கம், ஒரு பக்கம். பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டே படிக்கலாம். வியாபாரத்தைத் திட்டுவார், அடுத்த பக்கத்தில் ஒரு கோலைக் கண்டு குழந்தையாகிவிடுவார். 1950 ஜூலை 16-இல் மரக்கானா மைதானத்தில் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் முன்னிலையில் பிரேசில் டிரா செய்தாலே உலக சாம்பியன். உருகுவேயின் கிக்கியா அடித்த பந்து கோல்கீப்பர் பார்போசாவுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நுழைந்தது. உருகுவே 2, பிரேசில் 1. ஜெயித்த நாட்டுக்காரரான கலியானோவின் அக்கறை தோற்ற கோல்கீப்பரிடம் போய் நிற்கிறது. 2000-இல் சாகும்வரை பார்போசாவை பிரேசில் மன்னிக்கவில்லை.

அந்த 1950 உலகக் கோப்பையில் நாமும் ஆடியிருக்க வேண்டும். பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் விலகிக்கொண்டதால் இந்தியாவுக்குத் தகுதி தானாக வந்தது. போகவில்லை. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம் என்றதால் போகவில்லை என்கிற கதை இன்றும் டீக்கடைவரை ஓடுகிறது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடியதும், பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றதும், அதில் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டதும் உண்மை. ஆனால் உலகக் கோப்பையின் மதிப்பு அன்றைய நிர்வாகிகளுக்குப் புரியவில்லை, ஒலிம்பிக்தான் பெரிது என்று நினைத்தார்கள் என்பதே வரலாற்றாசிரியர்கள் அழுத்திச் சொல்லும் காரணம். போரியா மஜும்தாரும் கௌசிக் பந்தோபாத்யாயும் எழுதிய 'கோல்லெஸ்' (2006) இந்தியக் கால்பந்தின் சமூக வரலாறு. 1911 ஜூலை 29-இல் மோகன் பகான் கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டு எடுத்ததிலிருந்து, ஏன் இப்படி ஆனோம் என்பதுவரை விசாரிக்கிறது. ஆய்வு நடை கொஞ்சம் வறட்சி.

நோவி கபாடியாவின் 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017) வறட்சியே இல்லாதது. 2021-இல் மறைந்த கபாடியா டெல்லி கல்லூரி ஒன்றில் ஆங்கிலப் பேராசிரியர், வர்ணனையாளர், நடமாடும் கால்பந்துக் களஞ்சியம். 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் கிடைத்த நான்காம் இடமும், ஐந்து வருடம் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பை வென்ற ஹைதராபாத் போலீஸ் அணியும், அவற்றுக்கெல்லாம் பின்னால் நின்ற பயிற்சியாளர் ரஹீமும் இதில் நடமாடுகிறார்கள். ஒரு குறை: மனிதருக்குத் தெரிந்தது அதிகம், எதையும் விட மனசு வராமல் பெயர்களைக் கொட்டுகிறார். இந்தியாவைப் பற்றி ஒரே ஒரு வரலாறு படிக்கப்போகிறவர்கள் இதைப் படித்தால் போதும்.

கபாடியா எழுதும் அந்தப் பொற்காலத்தில் நம் காதுக்கு நெருக்கமான ஒரு பெயர் வரும்: துளசிதாஸ் பலராம். செகந்திராபாத் அருகே தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். சுனி கோஸ்வாமி, பி.கே.பானர்ஜி, பலராம் என்று மூவராகத்தான் சொல்வார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகக் கோல் அடித்தார். 1962 ஜகார்த்தா தங்கத்திலும் இருந்தார். நோய் வந்து இருபதுகளிலேயே ஆட்டம் நின்றுபோனது. மற்ற இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது, இவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் தனியாக வாழ்ந்து 2023 பிப்ரவரியில் இறந்தார். அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு' நாவலில் அதே செகந்திராபாத்தில் ஒரு தமிழ்ப் பையன் கிரிக்கெட் ஆடுவான். நம் இலக்கியம் எந்த மைதானத்துப் பக்கம் போய் நின்றது என்று பாருங்கள்.

விளையாட்டை வைத்து நாம் எழுதாதவர்கள் இல்லை. சி.சு.செல்லப்பாவின் 'வாடிவாசல்' உலகத்தின் எந்த விளையாட்டுக் கதைக்கும் பக்கத்தில் வைக்கத் தகுந்தது. பிச்சி காளையை அணைந்துவிட்ட பிறகு ஜமீன்தார் அதைச் சுட்டுக் கொல்கிறார்; வெற்றி வந்த கையோடு கசந்துபோகிறது. கால்பந்துக்கு அப்படி ஒன்றைத் தேடினால் வங்காளத்துக்குத்தான் போக வேண்டும். மோதி நந்தியின் 'ஸ்ட்ரைக்கர்', 'ஸ்டாப்பர்' என்ற இரண்டு குறுநாவல்களை அருணாவ சின்ஹா ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். ஒரே தொகுதியாகக் கிடைக்கிறது. நந்தி விளையாட்டு நிருபராக இருந்தவர், கல்கத்தா மைதானத்தின் சேறும் வியர்வையும் தெரிந்தவர். முதல் கதையில் வறுமையில் இருக்கும் பையன் பெரிய கிளப்பில் இடம்பிடிக்கப் போராடுகிறான். அவன் அப்பாவும் ஒரு காலத்தில் ஆடியவர். வேண்டுமென்றே கோட்டைவிட்டார் என்ற பழி விழுந்து, வீட்டில் பேச்சே இல்லாமல் வாழ்கிறார். இரண்டாவது கதையின் கமல் குஹா வயதான தடுப்பாட்டக்காரர். கால் கேட்கவில்லை, சின்ன கிளப்பில் ஒட்டிக்கொண்டிருக்கிறார், தன்னைத் தூக்கி எறிந்த பெரிய கிளப்போடு ஒரு ஆட்டம் பாக்கி இருக்கிறது. காசு இல்லாத வீட்டில் பந்தாடப் போவது என்றால் என்ன, மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு அதில் என்ன பதில் இருக்கிறது என்கிற கேள்வியை ஹார்ன்பியும் கூப்பரும் கேட்க வேண்டியிருந்ததில்லை. நந்தி கேட்கிறார்.

நம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். உலகக் கோப்பை வந்தால் ஆற்றுக்கு நடுவில் மெஸ்ஸி கட்-அவுட் வைக்கிற ஊர். அங்கிருந்து ஒரே ஒரு சிறுகதை போதும்: என்.எஸ்.மாதவனின் 'ஹிக்விட்டா' (1990). கொலம்பியாவின் கோல்கீப்பர் ஹிக்விட்டா கோலை விட்டு வெளியே வந்து பந்தைக் கடத்திக்கொண்டு போகிற ஆள். 1990 உலகக் கோப்பையில் அப்படிப் போய் கேமரூனின் ரோஜர் மில்லாவிடம் பந்தைப் பறிகொடுத்து அணியை வெளியேற்றினார். மாதவனின் கதையில் டெல்லியில் இருக்கும் ஒரு பாதிரியார், ஒரு பெண்ணைத் துன்புறுத்துகிறவனை என்ன செய்வது என்று தவிக்கும்போது அந்தக் கோல்கீப்பர் நினைவுக்கு வருகிறார். தோற்றுப்போன ஒரு சாகசத்திலிருந்து ஒரு மனிதன் துணிச்சலை எடுத்துக்கொள்கிறான்.

பெண்களின் ஆட்டத்துக்கு சுசான் ராக் எழுதிய 'எ வுமன்ஸ் கேம்' (2022). முதல் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் வெடிகுண்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெண்கள் டிக் கெர் லேடீஸ் என்று ஓர் அணி கட்டினார்கள். 1920 டிசம்பரில் அவர்கள் ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் வந்தார்கள். மறுவருடமே ஆண்களின் சங்கம் தன் மைதானங்களைப் பெண்களுக்கு மூடியது. அரை நூற்றாண்டுக்குத் திறக்கவில்லை. மருந்தும் வெடியும் கையாளும் பெண்களை நமக்கும் தெரியும், சிவகாசி எட்டும் தூரம்தான். 2019-இல் இந்திய மகளிர் லீகை வென்ற மதுரை சேது எஃப்சியின் பின்னால் இருக்கும் கல்லூரி நம் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டிப் பக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இல் மணிப்பூரை வீழ்த்தி தேசியப் பட்டம் எடுத்தார்கள். அந்த அணியின் ஒவ்வொரு பெண்ணுக்கும் வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். அதை எழுதினால் ஒரு புத்தகம்.

எழுதக் காத்திருக்கும் தமிழ்க் கதைகள் இன்னும் உண்டு. மலேசியாவின் கோல்கீப்பர் ஆர்.ஆறுமுகம், நீண்ட கைகளுக்காக 'ஸ்பைடர்மேன்' என்று அழைக்கப்பட்டவர். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்கு மலேசியா தென்கொரியாவை வென்று தகுதி பெற்றது. ஆப்கானிஸ்தான்மீதான படையெடுப்பைக் கண்டித்துப் புறக்கணித்ததால் போகவில்லை. 1988-இல் சாலை விபத்தில் ஆறுமுகம் இறந்தார். 2016-இல் வந்த 'ஓலா போலா' படம் அந்த அணியைத் தழுவியது. ரோம் ஒலிம்பிக்கின் இந்திய அணியில் இருந்த தமிழர் சைமன் சுந்தர்ராஜ் 1973-இல் கேரளத்துக்கு முதல் சந்தோஷ் டிராபியைப் பயிற்சியாளராக வாங்கித் தந்தார். தமிழ்நாட்டுக்கு அந்தக் கோப்பை இன்றுவரை வாய்க்கவில்லை, 2012 இறுதியில் சர்வீசஸிடம் 3-2 என்று போனது. 2019-இல் ஐ-லீக் வென்ற சென்னை சிட்டி சில வருடங்களிலேயே தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துபோனது. தோல்விக்கு நம்மிடம் பஞ்சமே இல்லை. இதில் ஏதாவது ஒன்றை, சம்பந்தப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போதே போய் உட்கார்ந்து கேட்டு, ஓர் ஆள் எழுதினால் போதும்.

அதுவரைக்கும் முதலில் எடுக்க வேண்டியது 'ஸ்டாப்பர்'. சின்னது, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும். பிடித்தால் கலியானோ, அப்புறம் காஸ்டெல் டி சாங்ரோ. காஸ்டெல்லில் முதல் ஐம்பது பக்கம் ஆசிரியரின் தம்பட்டம் கொஞ்சம் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள், பாரி ஆட்டத்துக்கு அது தேவைப்படும். கபாடியாவை வாங்கினால் வீட்டில் வைத்துக்கொண்டு உலகக் கோப்பை இடைவேளைகளில் புரட்டலாம். நட்சத்திரச் சுயசரிதையை யாராவது பிறந்தநாளுக்குப் பரிசாகக் கொடுத்தால், அவன் பணக்காரனாகும் அத்தியாயம்வரை படித்துவிட்டு மூடிவிடலாம்.